டோரிஸின் வாயில் ஒரு முள்

க்ளைவ் பென்ஃபோல்டால் ஓரிடத்தில் உட்கார முடியாது. எங்கள் எசெக்ஸ் ஏரிக்கரையில் மற்றவர்கள் கூடாரத்துக்குள் கட்டில் போட்டுக் கெண்டைக்குக் காத்துக் கிடப்பார்கள். க்ளைவ் டீக் கோப்பையோடு கரையை அளந்துகொண்டிருப்பார். பல் செட் செய்வது தொழில். பகலில் மனிதர்கள் வாய், மாலையில் மீன் வாய், இரண்டுமே கவலைதான்.

இங்கே பிடித்த கெண்டையை யாரும் தின்பதில்லை. நனைத்த மெத்தையில் கிடத்தி, தூண்டில் முள்ளை எடுத்து, காயத்துக்கு மருந்து தடவித் தண்ணீரில் விட்டுவிடுவோம். அதே மீன் மறுபடி மாட்டும். எனவே அதன் வாய்தான் ஏரியின் மானம். தூண்டில் முள்ளின் நுனியை ஒட்டி, மீன் கழன்றுபோகாமல் பிடித்துக்கொள்ளும் குறுமுள் ஒன்று இருக்குமே, அது எங்கள் ஏரியில் கூடாது.

க்ளைவுக்கு அந்தச் சட்டமே பிடிக்காது. குறுமுள் இல்லாவிட்டால் தூண்டில் வாய்க்குள் நகர்ந்து நகர்ந்து அறுக்கும், இருந்தால் குத்திய இடத்திலேயே நிற்கும் என்பார். உதடு கிழிந்த மீன்களைக் காட்டிக் காட்டி, ஏரியைப் பார்த்துக்கொள்ளும் ஷீனாவை நச்சரித்தார்.

“சரிய்யா, நீயே ஒண்ணு செஞ்சு போடு. ஒரு மீனுக்கு ஏதாவது ஆச்சு, உன் கம்பை ஒடிச்சு அடுப்புல வெச்சிருவேன்.”

க்ளைவ் வளைவை மாற்றி, குறுமுள்ளை மயிரளவுக்குத் தேய்த்து ஒரு முள் செய்தார். அந்த வசந்தத்தில் அவரிடம் மாட்டிய மீன்களுக்கெல்லாம் ஒரே ஒரு சின்னத் துளை. நானும் இரண்டு முள் கேட்டு வாங்கினேன்.

ஜூனில் க்ளைவிடம் டோரிஸ் மாட்டியது. ஏரியிலேயே மூத்த கெண்டை. வலையோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். டோரிஸ் பாசிக்குள் பாய்ந்தது, தூண்டில் நரம்பு அறுந்தது.

“முள்ளு?” என்றேன்.

“அது வாயில. உங்க முள்ளுன்னா தானா விழுந்துரும்ப்பா. என்னுது விழாது. விழக்கூடாதுன்னுதானே செஞ்சேன்.”

அதன்பிறகு அவர் தூண்டிலே போடவில்லை. மரத்தில் ஏறித் தண்ணீரைப் பார்த்தார். வேலை நடுவே எனக்குப் போன் செய்து, “டோரிஸ் தெரிஞ்சுதா?” என்பார். எனக்கும் தூக்கம் கெட்டது.

“அதுக்கு ஒரு பல் செட்டும் மாட்டி அனுப்பியிருக்கலாமே,” என்றான் பக்கத்துக் கூடாரத்து டெர்ரி. க்ளைவ் சிரிக்கவில்லை.

ஆகஸ்டில் அதே டெர்ரிதான் டோரிஸை வலையில் அள்ளினான். க்ளைவ் ஓடிவந்தார். உதட்டோரம் அவருடைய முள், அதில் பாசிக் கற்றை, சுற்றிலும் வீக்கம். வயிறு ஒட்டியிருந்தது.

“தின்ன முடியலடா இதுக்கு,” என்றார். குறட்டால் குறுமுள்ளைத் துண்டித்து முள்ளை உருவினார். மருந்து தடவினார். தானாக நீந்தும்வரை தண்ணீருக்குள் ஏந்தி நின்றார்.

பிறகு தன் கம்பை ஷீனாவிடம் நீட்டினார்.

“ஒடி.”

“போய்யா, அதுதான் உசிரோட போயிருச்சே. உன் முள்ளை மட்டும் இனி இங்க கொண்டுவராதே.”

மறுவாரம் எல்லோரையும்போலக் குறுமுள் இல்லாத தூண்டிலைப் போட்டார். ஒரு கெண்டை வந்தது. மெத்தையில் கிடத்தி வாயைத் திறந்தார். நீளமாக ஒரு கிழிசல், ரத்தம்.

“பாரு,” என்றார் என்னிடம். “இப்ப எதைப் போடச் சொல்றே?”

நான் மருந்துப் புட்டியைத் திறந்து கொடுத்தேன்.