எந்த டப்பா?

மொன்டானாவில் பள்ளிப் பேருந்து ஓட்டும் வெர்லின் ஸ்காக்ஸ், வீட்டிலேயே தோட்டா செய்யத் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மகள் டார்லாவின் துப்பாக்கித் தோட்டாக்களில் வெடிமருந்து நிரப்ப உட்கார்ந்த மாலையில் கன்றுக்குட்டி வேலி தாண்டியது. அளவைக் குழாயிலிருந்த மருந்தை அவசரமாக டப்பாவில் திருப்பிக் கொட்டிவிட்டு ஓடினான்.

திரும்பி வந்து பார்த்தால், கொட்டகை மேசைமேல் இரண்டு டப்பாக்கள் திறந்து கிடந்தன: பச்சையில் மெதுவாக எரியும் மருந்து, மற்றதில் வேகமாக எரிவது. எதில் கொட்டினோம்? இரண்டிலும் ஒரே கறுப்பு மணிகள். வேகமாக எரியும் மருந்து கலந்திருந்தால் துப்பாக்கி முகத்தருகே வெடிக்கும்.

கொட்டகைக்குள் நடந்தான், முகர்ந்தான், மறுபடி நடந்தான்.

"ஒரு நேரத்துல ஒரு டப்பாதான் வெளிய இருக்கணும்னு பாடம் எடுத்தது யாரு?" என்றாள் மனைவி நோரீன்.

"நீ வேற ஏண்டி!"

இரண்டு டப்பா மருந்தையும் புல்தரையில் தூவிக்கொண்டிருந்தபோது டார்லா ஓடிவந்தாள்.

"அப்பா! நாளைக்கு எல்க் மான் வேட்டை ஆரம்பம்! கடையிலயும் தோட்டா இல்ல. பச்சை டப்பாதான்னு நெனப்பு இருக்குன்னியே!"

"நெனப்புதான் இருக்கு."

"வருஷம் பூரா காத்திருந்தேன். உன்னோட பேசவே மாட்டேன்."

"பேசாத. மொறைச்சுப் பாரு, போதும். ரெண்டு கண்ணாலயும்."

கடைசி மணிவரை தட்டிக் கொட்டினான்.