சைடு மிரரை உடைத்த ஹாரன் அக்கா

பள்ளி வேன் ஓட்டும் அவளைப் பிள்ளைகள் ‘ஹாரன் அக்கா’ என்பார்கள். திருப்பம் வருவதற்கு முன்பே ஹாரனை அடித்துவிடுவாள். வாயும் அப்படித்தான். ஆனால் யார்மீதும் கை ஓங்கியதில்லை.

ஒரு மழைநாளில், பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஒரு கார் குறுக்கே புகுந்தது. வேன் மயிரிழையில் தப்பியது. அடுத்த சிக்னலில் இறங்கிப்போய், அந்தக் காரின் சைடு மிரரை ஒரே உதையில் பெயர்த்துவிட்டாள். வழக்கு வந்தது. பள்ளியில் அவளை வண்டி கழுவும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

நீதிபதி சொன்னது அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வெளியே வந்ததும் தன் வக்கீலம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் குற்றவாளியா, இல்லையாங்க?”

“இப்போதைக்கு ரெண்டும் இல்ல. இது உங்க முதல் தப்பு, ஒத்துக்கிட்டீங்க. கோபத்தை அடக்குற வகுப்புக்குப் போங்க. கார்க்காரரைப் பாத்து மன்னிப்புக் கேளுங்க. ஆறு மாசம் எந்த வம்புக்கும் போகாதீங்க. எல்லாம் சரியா முடிச்சா வழக்கையே தள்ளுபடி பண்ணிடுவாங்க. உங்க பேர்ல தண்டனைன்னு எதுவும் பதிவாகாது.”

“ஒத்துக்கிட்டேன், ஆனா தண்டனை இல்லையா? அதெப்படி?”

“முடிக்கலேன்னா உண்டு.”

வீட்டில் கணவன், “அப்போ விட்டுட்டாங்களா?” என்றான்.

“விடவும் இல்ல, பிடிக்கவும் இல்ல.”

வகுப்பில் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். “வண்டி ஓட்டுறவ கண்ணை மூடினா விளங்குமா?” என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் நிஜமாகத்தான் கேட்டிருந்தாள்.

மன்னிப்புக் கேட்கும் நாளில், சமரச அறையில் கார்க்காரர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

“சார், நீங்களும் குறுக்க வந்தீங்க...”

“வந்தேன். தப்புதான். ஆனா பின் சீட்ல என் பொண்ணு இருந்தா. பாக்கலையா?”

“இல்லையே!”

“அஞ்சு வயசு. இப்போ வேன் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கிறா.”

மனப்பாடம் செய்து வந்ததெல்லாம் பறந்துவிட்டது. “எங்க வேன்லயும் அஞ்சு வயசுப் பிள்ளைங்க வராங்க சார்” என்று மட்டும் சொல்லி அழுதாள். அதை மன்னிப்புக் கேட்டதாக எடுத்துக்கொள்வதா என்று அவருக்கும் தெரியவில்லை. தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார்.

ஆறு மாதம் கழித்து வழக்கு தள்ளுபடியானது. வக்கீலம்மா கைகொடுத்தார். அவள் நீதிமன்றப் படியிலேயே நின்றுவிட்டாள்.

“ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? அதான் முடிஞ்சிருச்சே?” என்றான் கணவன்.

“எனக்கு முடிஞ்சிருச்சு. அந்தப் பாப்பாவுக்கு?”

அவன் ஸ்கூட்டரைக் கிளப்பினான். மறுநாள் பள்ளியில் வேன் சாவியை மறுபடியும் அவள் கையில் கொடுத்தார்கள்.