மாமா இல்லாத குழி

எங்கள் குடும்பத்தில் செத்தவர்களுக்கும் இடநெருக்கடிதான். திண்டிவனத்துக்கு மேற்கே, காப்புக்காட்டை ஒட்டிக் கிடந்த கல்லறைத் தோட்டத்தில் குடும்பத்துக்கு ஒரு குழி என்பது வழக்கம். புதிதாக யாராவது போய்ச் சேர்ந்தால் பழைய குழியைத் திறப்பார்கள். உள்ளே இருப்பவரின் எலும்புகளைப் பொறுக்கித் துணியில் கட்டி, புதியவரின் காலடியில் வைத்து மூடுவார்கள்.

அத்தையின் மாமனார் இறந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. அவருக்காகத் திறந்தது, அத்தையின் கணவரான என் மாமாவைப் புதைத்திருந்த குழி. நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, பம்பாயில் வேலைக்குப் போன இடத்தில் மாமா இறந்துபோய், ஆணியடித்த பெட்டியாக விழுப்புரம் ஸ்டேஷனில் வந்து இறங்கினாராம். திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், திறக்காமலே புதைத்துவிட்டார்கள். முகம் பார்க்காத சாவை அத்தை நம்பவே இல்லை. அன்று எலும்பையாவது பார்த்துவிட வேண்டும் என்று, பெண்கள் நிற்கும் இடத்தை விட்டுக் குழியோரம் வந்து நின்றாள். அவள் கை என் தோளை அழுத்திக்கொண்டிருந்தது.

மேலே காட்டு இலைகள் மக்கிய மண், அதற்குக் கீழே செம்மண். ஆளுயரம் தோண்டியதும் குழி வெட்டுபவர் நின்றுவிட்டார்.

"எலும்பே இல்லீங்க. துருப்புடிச்ச ஆணிதான் கெடக்குது."

நானும் எட்டிப் பார்த்தேன். சிவந்த தரையில் ஓர் ஆள் மல்லாந்து படுத்தால் எவ்வளவு இடம் பிடிப்பாரோ அவ்வளவு இடம் மட்டும் கறுத்திருந்தது. தோள் பக்கம் அகலம், கால் பக்கம் குறுகல். யாரோ படுத்திருந்து எழுந்து போன பாய் போல இருந்தது. குழி வெட்டுபவர் அந்தக் கறுப்பையும் சுரண்டி எடுத்துக் குவியலின் மேல் கொட்டினார்.

அத்தை அழவில்லை. "நான்தான் சொல்லிக்கினே இருந்தேனே அண்ணா, அந்தப் பொட்டியில அவரு வரலன்னு" என்றாள் என் அப்பாவிடம்.

"சும்மா இரு. ஜனங்க பாக்கறாங்க" என்றார் அப்பா. சாமியார் ஜெபத்தைச் சற்று வேகமாகவே முடித்தார்.

அன்று சாயங்காலமே அத்தை தலையில் பூ வைத்துக்கொண்டாள். கல்லறைத் திருநாளன்று ஊரே மெழுகுவத்தி ஏற்ற, அவள் மட்டும் கேட்டுக்கு வெளியே நின்றாள். உயிரோடு இருப்பவருக்கு யாராவது மெழுகுவத்தி ஏற்றுவார்களா? சனிக்கிழமைகளில் என்னையும் இழுத்துக்கொண்டு விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் போவாள். "மாமா வந்தா பயந்துக்காத பாப்பா, ரொம்ப எளச்சிப் போயிருப்பாரு" என்பாள். நான் பயந்தேன். ரயிலை விட்டு இறங்கும் ஒல்லியான ஆண்கள் எல்லாரும் அந்தக் குழியிலிருந்து நேராக எழுந்து வருவதாகவே எனக்குத் தோன்றியது.

பின்னாளில் கல்லூரியில் மண்ணைப் பற்றிப் படித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. காட்டு இலை மக்கி மக்கி மண் புளித்துப்போகும். அந்தப் புளிப்பு எலும்பையே கரைத்துவிடும். உடம்பு மக்கி மிஞ்சும் கரியை மட்டும் மண்ணில் உள்ள இரும்பும் அலுமினியமும் இறுகப் பிடித்துவைத்துக்கொள்ளும். அந்தக் கறுப்புதான் மாமா. படித்ததை அத்தையிடம் நான் சொல்லவில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் அவளுக்குப் பூ வாங்கிக்கொண்டு போனேன்.

அன்று குழியை மூடும்போது, எல்லாரையும் போல நானும் ஒரு கைப்பிடி மண் அள்ளிப் போட்டேன். குவியலின் மேலாகக் கிடந்த கறுப்பு மண்தான் கைக்கு வந்தது. ஈரமாக விரலிடுக்கில் அப்பிக்கொண்டு, எவ்வளவு உதறியும் போகவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தை என் கையைப் பிடித்து, தன் முந்தானையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டாள்.

"ஒண்ணும் இல்ல பாப்பா, வெறும் மண்ணு" என்றாள்.