பாதாளத்தில் கை நனைத்தவள்

என் நாவலில் ஒரு பெண் தன் அண்ணனை மீட்கப் பாதாளத்துக்குள் இறங்கிப் போகிறாள். யார் பசி என்றாலும் தன் சோற்றை எடுத்துக் கொடுத்துவிடுகிறவள். அவனைக் கட்டிப்போட்டிருக்கும் அரக்கி, இவள் முன்னால் ராகிக் களியும் கீரைக் கடைசலும் வைத்துச் சாப்பிடச் சொல்கிறாள். அங்கே ஒரு வாய் சாப்பிட்டாலும் திரும்ப முடியாது என்று பயந்து இவள் தட்டைத் தள்ளிவிடுகிறாள். மாயக் கதைகளில் காலங்காலமாக இருக்கிற விதி. நானும் யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

நான் எழுதுவதை முதலில் படிப்பவள் தர்மபுரிப் பக்கம் மாரண்டஹள்ளியில் இருக்கும் என் நாத்தனார். தக்காளி பறித்த கையைக் கழுவிவிட்டு, வரப்பில் உட்கார்ந்து செல்போனில் படித்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"என்னங்க அண்ணி, நல்ல மனசுக்காரிங்கறீங்க, போட்ட சோத்தத் தள்ளிட்டாளே? பகையாளி வூடா இருந்தாலும், கை நனைச்சவள அடிக்க அவங்களுக்கு மனசு வருங்களா?"

எங்கள் பக்கம் சண்டை தீர்ந்ததை அந்த வீட்டில் சாப்பிட்டுத்தான் காட்டுவோம். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? என் மேலேயே எரிச்சல் வந்தது. அன்றே அத்தியாயத்தை மாற்றினேன்.

பதிப்பாசிரியர் போனில் பதறினார். "சாப்பிட்டால் மாட்டிக்கொள்வாளே மேடம்! எல்லாக் கதையிலும் அதுதானே விதி?"

"அது மத்த பாதாளம் சார். இது தர்மபுரிக்குக் கீழ இருக்கிற பாதாளம்."

ஒரு வரியைக்கூட வெட்ட விடவில்லை. புத்தகத்தில் அவள் இரண்டாவது உருண்டையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். அரக்கி எழுந்து போய் அண்ணனின் கட்டை அவிழ்த்து, அவனுக்கும் ஒரு தட்டு வைக்கிறாள்.