வாசலில் நிற்காத பேருந்து

நகரசபைக்குச் சொந்தமான நிறுவனம் எதுவோ, அதன் வாசலில் நகரசபைப் பேருந்து நிற்க வேண்டும். இத்தாலியின் பலெர்மோ நகரில் நான் ஏறிய பேருந்தின் பின்புறத்தில் இந்த விதி தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பேருந்து நான் வேலை செய்த சிறிய விமான நிலைய வாசலைத் தாண்டிப் போய், இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் கோயிலடியில்தான் நிற்கும். விமான நிலையமும் நகரசபையுடையதுதான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்தில் அரச எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றபின், இங்கே வந்து அந்த நிலையத்தின் தரையைத் துடைத்தேன். சுற்றிலும் ஆடுகள் மேயும் வயல்கள். ஒரே ஓடுபாதை. விமானங்களைவிட எங்கள் தும்புத்தடிகளுக்கு வேலை அதிகம்.

என்னோடு துடைத்தவர் நகரின் கால்சாப் பகுதியில் குடியிருந்த மன்னார்ப் பெண். அவருக்கு முழங்கால் வீக்கம். கோயிலடியிலிருந்து திரும்பி நடந்து வருவதற்குள் வேலை தொடங்கும் எட்டு மணி தாண்டிவிடும். இன்னும் ஒரு மாதம் பார்ப்பேன், பிறகு வேறு ஆள்தான் என்று நிலைய அதிகாரி சொல்லிவிட்டார். வேலை போனால் பெர்மெசோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க முடியாது.

"நான் எழுதிறன், தங்கச்சி" என்றேன்.

முறைப்படியே எழுதினேன். பெறுநர்: நகரசபைப் போக்குவரத்துப் பகுதி. ஊடாக: விமான நிலைய அதிகாரி. முப்பது வருடம் மேலதிகாரி ஊடாக அல்லாமல் நான் ஒரு வரிகூட அனுப்பியதில்லை. அதிகாரி கடிதத்தில் தன் பதவியைக் கண்டு மகிழ்ந்து, கைகுலுக்கி, அதை வாங்கிக்கொண்டார்.

மூன்று வாரம் போயிற்று.

"ஐயா, உங்கட மறுமொழி வாறதுக்கிடையிலை என்ர முழங்காலும் ஓய்வூதியம் எடுத்திடும்."

"கடிதம் உரிய வழியாலை போகுது, பொறுங்கோ."

"நீங்கள் பொறுங்கோ. நான் டிரைவரோடை கதைச்சுப்போட்டன். முழங்காலைக் காட்டினன். தன்ர தாய்க்கும் உந்த வருத்தம்தானாம். நாளையிலயிருந்து இஞ்சை வாசல்ல நிப்பாட்டுறாராம்."

"அது ஒழுங்குக்கு மாறு."

"ஓமோம். அப்ப நீங்கள் கோயிலடியிலை இறங்கி நடந்து வாங்கோவன்."

நான் நடக்கவில்லை. மறுநாள் காலை பேருந்து வாசலில் நின்றது. அவர் முதலில் இறங்க, ஒழுங்கு தெரிந்த நான் பின்னால் இறங்கினேன். எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கவே அவர் வரவேட்டில் கையெழுத்திட்டார். அதிகாரி மணிக்கூட்டைத் தட்டிப் பார்த்தார்.

அந்த மாதக் கடைசியில் அதிகாரியின் மேசையைத் துடைத்தபோது, திறந்து கிடந்த லாச்சியில் என் கடிதம் தெரிந்தது. தனக்கு எழுதிய கடிதம் என்று நினைத்துப் பத்திரமாக வைத்திருக்கிறார்! "இதை நீங்கள் மேலே அனுப்ப வேண்டும்" என்றேன். "அப்படியா? நல்ல கடிதம், எனக்கே பிடித்திருந்தது" என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

இதற்குள் அந்த வாசலில் ஆட்டுக்காரர்களும் ஏறி இறங்கத் தொடங்கியிருந்தார்கள். மன்னார்ப் பெண்ணுக்குப் புதிய ஒப்பந்தம் கிடைத்தது, பெர்மெசோவும் புதுப்பித்தாயிற்று. முறையாக நடக்காத காரியம் ஒன்று இவ்வளவு நன்றாக நடப்பதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

கடைசியில் மறுமொழி வந்தது. நேரில் ஆராய்ந்ததில், குறித்த வாசலில் பேருந்து வழக்கமாகவே நிற்பது தெரியவந்துள்ளதாம். ஆகையால் கோரிக்கை தேவையற்றதாம். முத்திரை, கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தன. அது வந்து சேர்ந்த நாள் மார்ச் பத்தொன்பது, உழைப்பாளரின் பாதுகாவலரான சூசையப்பர் திருநாள்.