பெட்டியில் ஒன்றும் இருக்கக் கூடாது

என் தங்கை தேசியத் துகள் இயற்பியல் ஆய்வுக்கூடம் ஒன்றில் விஞ்ஞானி. நான் எங்கள் ஊர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் துணி செக்கிங் பார்க்கிறேன். கண்ணாடி மேசைக்கு அடியில் விளக்கு எரியும், மேலே துணி ஓடும், ஓட்டை தெரிந்தால் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அவளுக்கு முன்பே எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தவள் நான். அதே ஆய்வுக்கூடத்தின் நேர்முகத் தேர்வுக்குப் போய்த் தோற்று வந்தேன். இரண்டு வருடம் கழித்து, நான் கணக்குச் சொல்லிக்கொடுத்த தங்கை போனாள், வேலையோடு வந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. இன்றும் எரிகிறது, மறைத்து என்ன ஆகப்போகிறது?

போன வருடம் ஒரு நாள் போனில் சொன்னாள். இதுவரை யாரும் பார்க்காத ஒரு துகளைத் தேடிப் பல வருடமாகப் பதிவுகள் சேர்த்திருக்கிறார்களாம். அந்தத் துகள் எங்கே தென்பட வேண்டுமோ அந்தப் பகுதியை மட்டும் கம்ப்யூட்டரில் பூட்டி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போட்டால் ஆசைக்குத் தகுந்தபடி விடை வளைந்துவிடுமாம். கணக்கு முறையை எல்லாம் முடிவு செய்த பிறகுதான் திறப்பார்கள். பெட்டி திறப்பது என்று அதற்குப் பேர்.

“வெள்ளிக்கெழம தொறக்கறோம்க்கா. இருந்துச்சுன்னா ஒலகமே பேசும்,” என்றாள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏற்கெனவே எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் நான் ‘விஞ்ஞானியோட அக்கா’தான். இனி உலகமும் சேர்ந்து பேச வேண்டுமா?

வியாழக்கிழமை காலை கோயிலுக்குப் போய்ப் பூக் கேட்டேன். பெண் எடுப்பதிலிருந்து கிணறு வெட்டுவது வரை எங்கள் பக்கத்தில் இப்படித்தான். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். இயற்பியல் படித்த நான் கண்ணை மூடி நினைத்தது இதுதான்: அந்தப் பெட்டியில் ஒன்றும் இருக்கக் கூடாது.

வெள்ளை வந்தது.

“நெனச்சது நடக்குமுங்க அம்மிணி, தைரியமாப் போங்க,” என்றார் பூசாரி. அவர் முகத்தைப் பார்க்காமல் திருநீற்றை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

மறுநாள் மதியம் துணி ஓடிக்கொண்டிருந்தபோது தங்கை கூப்பிட்டாள். மெஷினை நிறுத்தினேன்.

“ஒண்ணுமே இல்லக்கா. சுத்தமாக் காலி.”

மனசு குளிர்ந்துவிட்டது. துக்கம் விசாரிக்கிற குரலை வரவழைத்துக்கொண்டு, “போனாப் போகுது, உடு கண்ணு,” என்றேன்.

“ஏனக்கா அப்படிச் சொல்றே? இல்லைங்கறதும் கண்டுபிடிப்புதான். இனி இந்த எடத்துல யாரும் தேட வேண்டியதில்ல. கட்டுரை வருது, எம் பேரும் அதுல வருது,” என்று சிரித்தாள். அவளுக்குப் பின்னால் யாரோ கைதட்டினார்கள். “மொதல்ல உன்னத்தான் கூப்பிட்டேன். எனக்காக நீ சாமி கும்பிட்டிருப்பேன்னு தெரியும்.”

“கும்பிட்டேன் கண்ணு.”

நான் கேட்டது அப்படியே நடந்திருந்தது. அவளுக்கு ஒன்றும் குறையவில்லை.