மாதங்கி பெரியம்மாவும் மேல்மாடி ஃப்ரிட்ஜும்

"உங்கம்மா பேங்க்ல எவ்ளோ விட்டு வைக்கணும்?" என்று கேட்டாள் மாதங்கி பெரியம்மா. மாவுத் தூக்கை எடுக்க மாடிக்கு வந்தவள், எங்கள் ஃப்ரிட்ஜைத் திறந்தபடி நின்றிருந்தாள்.

"ஒண்ணும் விட வேண்டாம் பெரியம்மா. சம்பள அக்கவுண்ட்."

"மெசேஜுக்குப் பிடிப்பான்ல?"

"இல்ல."

"கார்டுக்கு?"

"அதுவும் ஃப்ரீதான்."

"ஹவ். லட்சம் வாங்குறவளுக்கு எல்லாம் ஃப்ரீ. பிடிக்கறது என்கிட்ட மட்டும். கைக்கு அப்படி?"

ஆமாவுக்கு ஹவ், ஏனுக்குக் கைக்கு, வேண்டாமுக்கு நக்கோ என்று அவள் பேச்சில் எங்கள் ஊர் உருது கலந்து வரும். "ஃப்ரிட்ஜை மூடுங்க பெரியம்மா, கூலிங் போயிடும்" என்றேன்.

"உங்க ஃப்ரிட்ஜ். மூடிட்டாப் போச்சு" என்று மூடிவிட்டு இறங்கிப் போனாள்.

பெரியம்மா என் அப்பாவின் அண்ணன் மனைவி. மல்காஜ்கிரியில் ஒரே வீடு. கீழே அவர்கள், மேலே நாங்கள். அவளுக்கு நாச்சாரத்தில் மாத்திரை பேக்கிங் வேலை. என் அம்மா ரோகிணிக்கு மாதாப்பூரில் ஐடி வேலை. பெரியம்மா வீட்டுப் பழைய ஃப்ரிட்ஜ் கெட்டபின் பெரியப்பா புதிது வாங்கவில்லை. தம்பி வீட்டில்தான் இருக்கிறதே என்பார். "கீழ்த்தட்டு முழுசும் உங்களுக்குத்தான் அக்கா" என்று அம்மாவும் நல்ல மனதோடுதான் சொன்னாள். பெரியம்மாவுக்கு அந்த நல்ல மனதுதான் தாங்கவில்லை. அம்மாவை அழைத்துப் போக வரும் கம்பெனி கார், தீபாவளிக்கு பேங்க் அனுப்பும் ட்ரை ஃப்ரூட்ஸ் டப்பா, எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பியதில்லை. டப்பாவில் பாதாமை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, "எல்லாம் சொத்தை" என்பாள்.

தனக்கென்று ஒரு ஃப்ரிட்ஜ் வாங்க அவள் யாருக்கும் தெரியாமல் பணம் சேர்த்தாள். வேலைக்கு ஆள் வைக்கும் கான்ட்ராக்டர் மாறியதும் சம்பளம் வேறு பேங்குக்குப் போய்விட்டது. பழைய அக்கவுண்ட் சும்மா கிடந்தது. எடுக்காத பணம் பத்திரமாக இருக்கும் என்று நம்பி, ஓவர்டைம் காசையெல்லாம் அதில் போட்டு வந்தாள். இங்கிலீஷில் வந்த மெசேஜ்களை லோன் விளம்பரம் என்று அழித்துவிட்டாள்.

தசரா தள்ளுபடியில் மெரூன் நிறத்தில் ஒன்றைப் பார்த்து, கதவைப் பலமுறை திறந்து மூடியிருக்கிறாள். கார்டை இரண்டு தடவை தேய்த்தும் பணம் போகவில்லை. கடைக்காரரிடம், "சர்வர் டவுன் போல" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். ஏடிஎம் சீட்டில் பார்த்தால், போட்ட பணத்தில் பெரும்பகுதியை பேங்க் பிடித்திருந்தது. வீடு திரும்பியவுடன்தான் என்னிடம் அந்தக் கேள்விகள்.

மறுநாள் துணைக்கு நானும் பேங்குக்குப் போனேன். சம்பளம் வருவது நின்றால் சில மாதங்களில் அது சாதாரண அக்கவுண்ட் ஆகிவிடும் என்று அங்கிருந்த அதிகாரி தெலுங்கில் விளக்கினார். எப்போதும் பத்தாயிரம் இருக்க வேண்டும். குறைந்தால் மாதாமாதம் அபராதம்.

"பத்தாயிரம் ஆயிருந்தா ஒண்ணும் பிடிச்சிருக்க மாட்டோம்மா."

"ஆக விட்டாத்தானே? நான் போடப் போட நீங்க தின்னுட்டீங்க."

கடைசி மாத அபராதத்தை மட்டும் திருப்பிப் போடலாம் என்றார். அதை வாங்கிக்கொண்டு அவள் அக்கவுண்டை முடித்தாள். கையில் வந்த பணத்துக்கு ஒரு மிக்சி ஜார்கூட வராது.

அன்று மாலை விஷயம் தெரிந்ததும் அம்மா ஃபோனை எடுத்தாள். "எவ்ளோ குறையுது சொல்லுங்கக்கா, இப்பவே அனுப்பிடறேன்."

"நக்கோ ரோகிணி. உன் பணம் உன் பேங்க்லயே சொகமா இருக்கட்டும்."

மாவுத் தூக்கை மறுபடி எங்கள் கீழ்த்தட்டில் வைத்துவிட்டுப் படியிறங்கியவள், பாதியில் நின்று என்னைக் கூப்பிட்டாள். அம்மாவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பாப்பா, உங்கம்மா கணக்குலயும் என்னிக்காவது பிடிச்சான்னா, பத்து ரூபாயா இருந்தாலும் பரவால்ல, முதல்ல எங்கிட்ட வந்து சொல்லு."